குளிர்காலக் கணக்கெடுப்புக்கு பார்ட்டனாவியா பி68: பணம் குமிழ் சன்னலுக்கு

பிரான்சு, ஸ்பெயின் கரைகளை ஒட்டிய பிஸ்கே விரிகுடாவில் ஓங்கில்கள் வலையில் சிக்கி அதிகம் சாவது குளிர்காலத்தில். ஐரோப்பாவின் பெரிய திமிங்கில, ஓங்கில் கணக்கெடுப்பான ஸ்கேன்ஸ் (1994, 2005, 2016, 2022) நடந்ததோ கோடையில். ஆகவே சனவரியிலும் பறந்தாக வேண்டும். அதற்குக் குமிழ் சன்னல் (வெளிப்பக்கம் புடைத்த, தலையை உள்ளே நுழைத்துக் கீழே பார்க்கக்கூடிய சன்னல்) பொருத்திய பார்ட்டனாவியா பி68 என்னும் இரட்டை எஞ்சின் சிறு விமானம் பொருத்தமானது, குறைகளும் உண்டு.

இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் பார்வையை மறைக்காது. கரையை விட்டு வெகுதூரம் போகும்போது இரண்டாவது எஞ்சின் ஆறுதல். ஆனால் வாடகை கொடுப்பது குமிழுக்காகத்தான். தட்டையான சன்னலில் விமானத்துக்கு நேர் கீழே உள்ள கடல் தெரியாது. கணக்கு முழுக்க நிற்பதோ, விமானம் பறக்கும் கோட்டின் மேல் இருப்பவற்றில் எத்தனையைப் பிடித்தோம் என்பதில். வாடகை பேசும்போதே இரு பக்கமும் குமிழ் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

உயரம் 600 அடி (183 மீட்டர்), வேகம் 90 நாட். நொடிக்கு 46 மீட்டர் ஓடிவிடும். விலங்கு நேர் பக்கவாட்டில் வரும்போது கிளைனோமீட்டரில் (சாய்வுமானி), அது கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு கீழே தெரிகிறது என்று கோணம் படிக்க வேண்டும். 60 பாகை என்றால் கோட்டிலிருந்து 106 மீட்டர். அங்கே 2 பாகை பிசகினால் போவது 9 மீட்டருக்குள். 20 பாகையில் அதே பிசகு 50, 60 மீட்டரை விழுங்கும்.

குளிரில் முதலில் சதி செய்வது நம் மூச்சுக்காற்றுதான். முகம் குமிழுக்குள் இருப்பதால் அக்ரிலிக்கில் ஆவி படியும். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். காகிதத்தால் தேய்த்தால் கீறல் விழும். தாழ்ந்த வெயில் பட்டால் ஒவ்வொரு கீறலும் மின்னும். அமோனியா கலந்த கண்ணாடி துடைப்பான் வேண்டவே வேண்டாம், அக்ரிலிக் நுண்விரிசல் விட்டுவிடும்.

பெரிய குறை விமானத்துடையது அல்ல, சூரியனுடையது. கரைக்குச் செங்குத்தாகக் கிழக்கு மேற்காகப் பறந்தால் தெற்குச் சன்னலில் பகல் முழுக்கக் கண்கூச்சம். எந்தக் கோணத்திலிருந்து எந்தக் கோணம் வரை கூசுகிறது என்று பக்கவாரியாகப் பதியுங்கள். பதியாவிட்டால், விலங்கு இல்லையா, கண்ணில் படவில்லையா என்று பிறகு பிரிக்க முடியாது.

ஓங்கிலின் சிறிய உறவான கடற்பன்றியைத் தேட, காற்றையும் கடல் அலையையும் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 2 வரைதான். மூன்றில் வெண்நுரை தலைகாட்டும்; அந்தச் சிறிய முதுகு அதில் தொலைந்துவிடும். அப்படிப்பட்ட அமைதியான நாள் சனவரியில் எப்போது வாய்க்கும் என்று சொல்ல முடியாது. அதனால் தேதி குறித்து வாடகை பேசாதீர்கள். விமானமும் குழுவும் தரையில் காத்திருக்கும் நாட்களையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.