திரும்பப் படிப்பதா, மூடிவிட்டு எழுதிப் பார்ப்பதா?

நாற்பதைத் தாண்டிய பிறகு உளவியல் படிக்க உட்கார்ந்தவன் நான். முதல் இரண்டு மாதம் பழைய வழிதான்: மஞ்சள் கோடு போடுவது, அப்புறம் கோடு போட்டதையே திரும்பத் திரும்பப் படிப்பது. இப்போது அதைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன்.

அதிலும் நல்லது உண்டு. களைத்திருக்கும்போதும் படிக்கலாம், புதுப் பாடத்துக்குள் நுழைய எப்படியும் படித்துத்தான் ஆகவேண்டும். சரி, அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், படிக்கப் படிக்க எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். 'எதிர்மறை வலுவூட்டல்' பகுதியை நான்கு தடவை படித்திருந்தேன். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுதப் போனால், கை 'தண்டனை' என்று எழுதுகிறது! தண்டனை ஒரு செயலைக் குறைக்கும், இதுவோ கூட்டும். சீட் பெல்ட் போடும்வரை கார் கத்துகிறது, போட்டதும் நிற்கிறது, அந்தத் தொல்லை ஒழிகிறதே என்றுதான் அடுத்த முறை ஏறியதும் கை பெல்ட்டைத் தேடுகிறது. எதிர்மறை வலுவூட்டல் அதுதான். தப்பாக எழுதி அடித்த அந்த வரி இன்னும் கண்முன் நிற்கிறது.

நான் பார்த்தது ஒன்றே ஒன்று: ஒரு வாரம் கழித்து என்ன மிஞ்சும்? 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற உளவியலாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் ஒரு பகுதியை இரண்டு முறை படித்தார்கள், இன்னொன்றை ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்ததற்கே வெற்றி, 81 சதவீதம், எழுதிப் பார்த்ததற்கு 75. ஒரு வாரம் கழித்து அப்படியே தலைகீழ்: 42, 56. நாளைக்கே தேர்வு என்று படிப்பவர்கள் ஏன் பழைய வழியை விடுவதில்லை என்பது அந்த ஐந்து நிமிடக் கணக்கிலேயே இருக்கிறது.

என் வயதுக்கு இன்னொன்றும் உண்டு. மூளைக்கு வயதாகும்போது, பார்த்ததை அடையாளம் கண்டுகொள்ளும் திறன் அவ்வளவாகக் குறைவதில்லை. துப்பு எதுவும் இல்லாமல் நினைவுக்குக் கொண்டுவருவதுதான் கூடுதலாகத் தளர்கிறது. திரும்பப் படிக்கும்போது நான் பழகுவது முதலாவதை, எனக்குத் தேவைப்படுவதோ இரண்டாவது.

இதெல்லாம் வரையறைகள், வேறுபாடுகள் மாதிரிச் சின்ன விஷயங்களில் நான் கண்டது. நீண்ட கட்டுரை விடைகளுக்கு இரண்டே முறைதான் முயன்றேன், அதை வைத்து எதுவும் சொல்லமாட்டேன். மூளைப் படத்தில் இன்னும் பழைய வழிக்கே நழுவுகிறேன். புத்தகத்தை மூடினால் அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் என்ற இரண்டு மூளைப் பகுதிகளும் இடம் மாறிவிடுகின்றன.