கல்யாண கேசட்டை பென்டிரைவில் ஏற்றக் கொடுக்கிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

அக்கா கல்யாணம் 1993-ல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்தது. மூன்று மணி நேர வி.எச்.எஸ். கேசட் இரண்டு. பந்தியில் நின்றுகொண்டு "இந்த இலைக்கு ரசம் ஊத்துப்பா" என்று அப்பா குரல் கொடுப்பது அதில்தான் இருக்கிறது. அவர் குரல் வேறு எதிலும் எங்களிடம் இல்லை. கம்ப்யூட்டரில் ஏற்றி, எடிட் செய்து அக்கா பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் கொடுத்தேன். கேசட்டுக்கு 600 ரூபாய். "ரெண்டு நாள்ல வாங்கிக்குங்க சார்" என்றார். ஐந்து வாரம் அலைந்தேன்.

கொடுக்கும்போதே ஒரு கேசட்டின் ஜன்னல் வழியே பார்த்தால் ரீலின் ஓரத்தில் அரிசிமாவு தூவினது போல வெள்ளை. காட்டினேன். "ஓடினா போயிடும் சார்" என்றார். போகாது. அது பூஞ்சை. கடல் காற்று அடிக்கிற ஊரில் பீரோவில் கிடந்த கேசட்டுக்கு வராமல் இருந்தால்தான் அதிசயம். சுத்தம் செய்யாமல் டெக்கில் போட்டால் ஒட்டிக்கொண்ட ரீல் அறுந்துவிடும், ரீலைப் படிக்கும் ஹெட்டும் அழுக்காகிவிடும். அதேதான் நடந்தது. ரீல் அறுந்தது. அதே டெக்கில் போட்ட இரண்டாவது கேசட் முழுக்கக் கோடும் புள்ளியுமாகப் பதிவாகியிருக்கிறது.

பென்டிரைவைத் திறந்தால் ஒவ்வொரு பைலும் 2 ஜிபிகூட இல்லை. படத்தின் அளவு 352 x 288 பிக்சல், அதாவது பழைய விசிடி தரம். நம்மூர் டிவி முறையான PAL-ல் பதிவான கேசட்டை 720 x 576-ல் எடுக்க வேண்டும். DV என்கிற டிஜிட்டல் வீடியோ முறையில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கே சுமார் 13 ஜிபி வரும். இவர் கொடுத்ததில் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைகிறது, இதை வைத்து என்னத்தை எடிட் செய்வது? கேட்டதற்கு, "பழைய கேசட்னா அப்படித்தான் சார்."

தயவுசெய்து, பூஞ்சையை எப்படி எடுப்பீர்கள், எந்த அளவில் பைல் தருவீர்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கேசட்டின் முதுகில் ஓரமாக இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுங்கள், தவறிப்போய் மேலே பதிவாகாது. எத்தனை கேசட் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். நான் வாங்கவில்லை. கேசட்டைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வீட்டில் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். அறுந்த இடத்தைச் சாதாரண செல்லோ டேப்பால் ஒட்டியிருக்கிறார், பசை ஓரத்தில் பிதுங்கி நிற்கிறது. இப்படியே டெக்கில் போட்டால் அந்தப் பசை ஹெட்டில் ஒட்டும். பைலிலோ தாலி கட்டியதும் படம் தாவி வழியனுப்புவதில் நிற்கிறது. பந்தியே இல்லை. அந்த ரீல் கேசட்டுக்குள் இன்னும் இருக்கிறதா, கடைக் குப்பையில் போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.