எண்ணும் எழுத்தும்: புக்கு சூப்பர், மத்ததெல்லாம் டீச்சர் கையில

கவர்மென்ட் ஸ்கூல்ல சேத்தலாமா, இந்த எண்ணும் எழுத்தும் எப்படி இருக்குன்னு நிறைய பேர் கேக்கறாங்க. என் பொண்ணு திருப்பூர் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளில ஒண்ணாவதுல இருந்து இதுலதான் படிக்கறா, இப்ப மூணாவது முடிக்கப்போறா, அதனால நான் பாத்தத அப்படியே எழுதறேன்.

தெரியாதவங்களுக்கு சொல்றேன், கொரோனால ஸ்கூல் மூடி பசங்க படிப்பு விட்டுப்போச்சுன்னு 2022 ஜூன்ல ஆரம்பிச்ச திட்டம் இது, எட்டு வயசுக்குள்ள எல்லா புள்ளைக்கும் வாசிக்க எழுத அடிப்படை கணக்கு வந்துரணும்ங்கறதுதான் நோக்கம். மொதல்ல 1ல இருந்து 3 வரைக்கும் இருந்துச்சு, அடுத்த வருஷம் 4, 5க்கும் கொண்டுவந்தாங்க. எந்த கிளாஸ்னு பாக்காம புள்ளைக்கு எவ்ளோ வருதுன்னு பாத்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு சொல்லித்தராங்க.

புக்குக்கு நான் தாராளமா மார்க் போடுவேன். படம், பாட்டு, கதை, கைல செய்யற வேலைனு நெறைய இருக்கு, பாப்பா ஸ்கூல்ல பண்ண பொம்மைய வீட்டுக்கு எடுத்துட்டு வந்து அவளே கதை சொல்லுவா. ட்யூஷனுக்கெல்லாம் நாங்க அனுப்பல.

ஆனா அதே புக்கு, அதே ட்ரெய்னிங்தான், டீச்சர் மாறுனா கிளாஸே வேற மாதிரி ஆயிருதுங்க. போன வருஷம் இருந்த டீச்சர் பசங்கள அடிக்கமாட்டாங்க, திட்டவும் மாட்டாங்க, நல்ல மனுஷிதான், ஆனா அரும்புல இருக்கற பசங்களுக்கு இனிமே வராதுன்னு மனசுல முடிவு பண்ணிட்டாங்க. "வீட்ல யாரும் படிக்கலைங்க, நாம என்ன பண்றது"ன்னு என்கிட்டயே சொல்லிருக்காங்க. மத்த பசங்க கதை, பொம்மலாட்டம்னு இருக்கறப்ப இந்தப் பசங்க செவுத்தோரமா உக்காந்து பாத்து எழுதிட்டு இருக்கும், கேள்வி அந்தப் பக்கம் போகவே போகாது, அப்புறம் ஜூன்ல அரும்புல இருந்த புள்ள ஏப்ரல்லயும் அரும்புலயே இருந்தா அத புள்ள தப்புன்னு எப்படிங்க சொல்றது?

இந்த வருஷம் வந்த மிஸ் வேற மாதிரி. பனியன் கம்பெனிக்கு ஒடிசால இருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருத்தன் இருக்கான், எண்ணவே தெரியலன்னு போன வருஷம் சொல்லிட்டாங்க. எஸ்எம்சி, அதாவது பெத்தவங்களும் இருக்கற பள்ளி மேலாண்மைக் குழு, அந்த மீட்டிங்குக்கு கொஞ்சம் முன்னாடியே போய் வெளில நின்னப்ப நானே பாத்தேன், மிஸ் அவன் முன்னாடி ஒரு கை புளியங்கொட்டைய கொட்டி எத்தனைனு கேட்டாங்க, அவன் வாயே தொறக்கல, மத்த பசங்கெல்லாம் மிஸ் மிஸ் நானுன்னு குதிக்குது, மிஸ் கையக் காட்டி எல்லாரையும் அமத்திட்டு சும்மா அவனையே பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. அவன் மெதுவா பத்து பத்தா குமிச்சு, மிச்சத்த தனியா வெச்சுட்டு நிமிந்து பாத்தான். கணக்கு கரெக்ட்! பையனுக்கு எண்ணத் தெரியாம இல்ல, தமிழ்ல சொல்லத்தான் வரல. அப்புறம் அவன் பாஷைலயே எண்ணச் சொல்லி கிளாஸ் மொத்தமும் அவன் பின்னாடி ஏக்க, துய், தினின்னு சொல்லுச்சு, அந்த முகத்துல ஒரு சிரிப்பு பாக்கணுமே.

மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970கள்லயே இதப்பத்தி எழுதிருக்காங்க, டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு பதிலுக்கு சராசரியா ஒரு செகண்டுதான் காத்திருக்காங்களாம், அதுலயும் படிக்காத புள்ளைனு நெனைக்கறவங்களுக்கு இன்னும் கம்மியா. மூணு செகண்டு பொறுத்தாலே பேசாத பசங்களும் பேச ஆரம்பிக்குதுங்களாம். அன்னைக்கு நான் பாத்தது அதுவேதான்.

டீச்சர் ட்ரெய்னிங்ல பாட்டு, பொம்மை, டிஎல்எம்ங்கற கற்பிக்கற பொருட்கள் எல்லாம் சொல்லித்தராங்க, ஆனா இந்தப் புள்ளைக்கும் வரும்னு டீச்சர் நம்பறதுக்கு என்ன பண்றாங்க? 2007ல இருந்து ஸ்டேட் முழுக்க ஏபிஎல்னு, அதாவது பசங்க அட்டைய எடுத்து ஏணிப்படி மாதிரி ஒவ்வொரு படியா தானே செஞ்சு கத்துக்கற முறை, வந்தப்பவும் இதே கததான், நம்புன டீச்சர் கிளாஸ் ஜொலிச்சுது, நம்பாதவங்க கிளாஸ்ல அட்டை ரேக்குலயே கெடந்துச்சு. இன்னொண்ணு, மார்க்க ஆப்ல ஏத்தறதுக்கே பாதி நேரம் போகுதுன்னு டீச்சருங்க பல ஊர்ல சொல்றாங்க, அது நியாயமான கொறதான், ஒரு புள்ளைக்காக பொறுமையா உக்காரணும்னா டைம் வேணும்ல.

என் ரேட்டிங்: புக்கு, செயல்பாடுகளுக்கு 5க்கு 4.5. நடத்தற விதத்துக்கு ஒரே மார்க் போட முடியாது, போன வருஷத்துக்கு 2, இந்த வருஷத்துக்கு 5. சேத்தறவங்க தைரியமா சேத்துங்க, ஆனா எஸ்எம்சி மீட்டிங் எதையும் விடாதீங்க, போனா எம்புள்ள எந்த நிலைல இருக்கு, அந்த நிலைய கடைசியா எப்ப திரும்பப் பாத்தீங்க, அடுத்த நிலைக்குப் போக என்ன பண்றீங்கன்னு தன்மையா கேளுங்க. உங்க புள்ள மலர்ல இருந்தாலும் அரும்புல இருக்கற பக்கத்து வீட்டுப் புள்ளைக்கும் சேத்துக் கேளுங்க, அவங்க அப்பா அம்மா ஷிப்ட்டுக்குப் போயிருப்பாங்க, மீட்டிங்குக்கு வர முடியாது.