வீட்டுக் கணினியில் விளம்பர நிரல்களைக் கண்டறிந்து நீக்குதல்: மூன்று ஆண்டு அனுபவம்

காரைக்குடிக்கு அருகே பள்ளத்தூரில், எங்கள் பூர்வீக வீட்டின் முகப்பை ஒட்டிய அறையில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. சிங்கப்பூரில் வாழும் ஆச்சியோடு ஆத்தா காணொளியில் பேசுவதும், பிள்ளைகள் படிப்பதும், வீட்டின் வரவு செலவை நான் எழுதுவதும் அந்த ஒரே கணினியில்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மதியம், ஆச்சியின் அழைப்புக்காகக் கணினி முன் உட்கார்ந்திருந்த ஆத்தா என்னைக் கூப்பிட்டார்கள். திரையின் வலது மூலையில் சிவப்புப் பெட்டி ஒன்று, ஐந்து வைரஸ்கள் புகுந்துவிட்டதாக அறிவித்து, ஒரு தொலைபேசி எண்ணையும் காட்டிக்கொண்டிருந்தது. "ஏம்ப்பா, இந்த நம்பருக்குப் போன் போட்டுச் சொல்லிரட்டுமா?" என்று கேட்டார்கள். கையில் கைபேசியும் இருந்தது. அந்தக் காட்சிதான் என்னை இந்த வேலையைப் பொறுப்போடு கற்றுக்கொள்ள வைத்தது.

காரணம் என்னுடைய அவசரமே என்று அன்று நினைத்தேன். பழைய பத்திரங்களை வருடி எடுத்து ஒரே கோப்பாகச் சேர்ப்பதற்காக, இலவச நிரல் ஒன்றை இறக்கி, நிறுவும்போது வந்த ஒவ்வொரு பக்கத்தையும் படிக்காமல் 'நெக்ஸ்ட்' அழுத்திக்கொண்டே போயிருந்தேன். விளம்பர நிரல்கள் பெரும்பாலும் இப்படித்தான், நாமே கொடுத்த சம்மதத்தின் பேரில் உள்ளே வருகின்றன.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, கணினியில் அப்போது ஓடுபவற்றைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தபோது, விண்டோஸின் சொந்தச் சேவையைப் போலப் பெயர் வைத்துக்கொண்ட ஒரு செயல்முறை, யாரும் கணினியைத் தொடாத நேரத்திலும் சிபியு என்னும் மையச் செயலகத்தின் கால் பங்கை எடுத்துக்கொண்டிருந்தது. பெயரை நம்பக்கூடாது என்பதை அன்று கற்றேன். அதன்மேல் வலச்சொடுக்கிக் கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்து பார்த்தால், அது, நிரல்கள் பயனரின் தரவுகளை வைக்கும் ஆப்டேட்டாவுக்குள் ரோமிங் என்னும் அடைவில், பொருளற்ற எழுத்துகளாலான பெயருடைய ஒரு கோப்புறைக்குள் கிடந்தது. விண்டோஸின் சேவைகளை இயக்கும் உண்மையான எஸ்விசிஹோஸ்ட் போன்றவை சிஸ்டம்32 அடைவில் இருக்க வேண்டியவை. அதே பெயர் வேறிடத்தில் தென்பட்டால் அதுவே சந்தேகத்துக்குப் போதுமானது. அந்தக் கோப்பின் பண்புகளில், வெளியிட்டவர் யார் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பமும் இல்லை. செயல்முறையை நிறுத்தினேன், ஒரு நிமிடத்துக்குள் மீண்டும் வந்து நின்றது.

இந்த இடத்தில்தான் பிராசஸ் எக்ஸ்புளோரர் உதவியது. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996இல் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பைச் சேர்ந்த கருவி இது; 2006இல் மைக்ரோசாஃப்ட் அந்தத் தொகுப்பைத் தன்வசமாக்கியது, இன்றும் இலவசமாகவே தருகிறது. எந்தச் செயல்முறையை எது எழுப்பியது என்பதைக் கிளை கிளையாகக் காட்டுவது இதன் பெரும்பலன். எங்கள் கணினியில் இரண்டு செயல்முறைகள் ஒன்றையொன்று காவல் காத்துக்கொண்டிருந்தன. ஒன்றை நிறுத்தினால் மற்றொன்று அதை உயிர்ப்பித்துவிடும். இரண்டையும் முதலில் 'சஸ்பெண்ட்' செய்து உறைய வைத்துவிட்டு, அதன்பின் ஒவ்வொன்றாக முடித்தபோதுதான் ஓய்ந்தன. இதே கருவியில் வைரஸ்டோட்டல் சோதனையையும் இயக்கலாம். கோப்பை முழுதாக அனுப்பாமல் கைரேகை போல அதை அடையாளம் காட்டும் ஹேஷ் மதிப்பை மட்டும் அனுப்பி, பல வைரஸ் தடுப்பு எஞ்சின்களின் தீர்ப்பை ஒரு நெடுவரிசையில் காட்டும். ஒன்றிரண்டு எஞ்சின்கள் மட்டும் குறைசொன்னால் நான் அவசரப்படுவதில்லை. எங்கள் கோப்பை முப்பதுக்கும் மேற்பட்டவை குறைசொல்லியிருந்தன.

ஆனாலும் மறுநாள் காலை கணினியை இயக்கியவுடன் அது திரும்ப வந்தது. செயல்முறையை அழிப்பது வேறு, அதை அழைக்கும் ஏற்பாட்டை அழிப்பது வேறு என்பது அப்போதுதான் விளங்கியது. தானாகத் தொடங்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டவற்றைப் பட்டியலிடும், அந்தத் தொகுப்பிலேயே உள்ள ஆட்டோரன்ஸை நிர்வாகி உரிமையோடு திறந்து, கையொப்பங்களைச் சரிபார்க்கச் சொல்லி, மைக்ரோசாஃப்டின் பதிவுகளை மறைத்தால், எஞ்சுபவை கைக்கு அடங்கிய வரிகளே. எங்கள் வில்லங்கம் திட்டமிட்ட பணிகளின் பட்டியலில் இருந்தது: பயனர் உள்நுழையும்போதெல்லாம் அந்த ரோமிங் கோப்புறையிலுள்ள கோப்பை இயக்கும்படி ஒரு பணி. வரியை உடனே அழிக்காமல், பெட்டியிலுள்ள குறியை மட்டும் எடுத்துவிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்து, இரண்டு நாள் பார்த்த பிறகே அழித்தேன். தவறான வரியைத் தொட்டிருந்தாலும் குறியைத் திரும்ப இட்டால் பழையபடி ஆகிவிடும் என்பதால், புதிதாகத் தொடங்குவோர் இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

ஆட்வ்கிளீனரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 2016இல் மால்வேர்பைட்ஸ் வாங்கிய இந்தக் கருவியை நிறுவத் தேவையில்லை. சில நிமிடங்களில் மிச்சம் மீதியைக் கூட்டி எடுத்துத் தனிமைப்படுத்திவிடும். ஆனால் இது அழைத்தால் வரும் துப்புரவாளரே தவிர வாசல் காவலர் அல்ல.

விளம்பர அறிவிப்புகள் மட்டும் அதன் பிறகும் நிற்கவில்லை. இரண்டு நாள் செயல்முறைப் பட்டியலையே துருவிக்கொண்டிருந்தேன். உலாவியைத் தவிர எதுவும் இல்லை. ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டபோது வீட்டில் யாரோ 'அலோ' (அனுமதி) கொடுத்திருக்கிறார்கள். உலாவி அமைப்பில் தளங்களுக்கான அறிவிப்பு அனுமதிப் பட்டியலைத் திறந்து, அறியாத பெயர்கள் அனைத்தையும் நீக்கியதும் அந்தச் சிவப்புப் பெட்டி அடியோடு மறைந்தது. ஆத்தாவை அச்சுறுத்தியது உண்மையில் நிரலே அல்ல, ஓர் அனுமதி. வீட்டுப் பெரியவர்களின் கணினியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே என்பது என் உறுதியான கருத்து. அத்தகைய எண்ணை அழைத்துப் பணம் இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

எங்கள் ஐயா கொண்டுவிற்ற (வெளியூர் சென்று தொழில் செய்த) காலத்துப் பேரேடுகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. கணக்கை முடிக்கும்போது ஐந்தொகை போட்டு, காசு பிசகாமல் இரு பக்கமும் நேர்வருகிறதா என்று பார்ப்பது அவர்கள் வழக்கம். ஆட்டோரன்ஸிலும் அப்படி ஒரு வசதி உண்டு. கணினி தூய்மையாக இருந்த நாளில் பட்டியலைச் சேமித்துவிட்டு, மாதம் ஒருமுறை 'கம்பேர்' கொடுத்தால், புதிதாக முளைத்த வரிகள் பச்சை நிறத்தில் தெரியும். மூன்று ஆண்டுகளில் எனக்கு மிகுந்த பலன் தந்தது இதுதான். இயல்பான நாளில் என்னென்ன ஓடும் என்பதற்குப் பதிவு இல்லாமல், இயல்பற்றதைக் கண்டுபிடிக்க முடியாது.

குறைகளும் உண்டு. கருவிகள் ஆங்கிலத்திலேயே இருப்பதால், ஆத்தாவிடமோ பிள்ளைகளிடமோ இவ்வேலையை ஒப்படைக்க முடியவில்லை. தடுப்புக்கு வேறு ஏற்பாடு வேண்டும்: 2020இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 2004 முதல், விண்டோஸ் பாதுகாப்புப் பகுதியில் வேண்டாத செயலிகளைத் தடுக்கும் அமைப்பு இருக்கிறது, அதன் இரண்டு பெட்டிகளிலும் குறியிட்டு வைத்திருக்கிறேன். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததை ஒட்டி 11க்கு மாறினோம். இதே கருவிகள் அங்கும் அப்படியே வேலை செய்கின்றன. பிள்ளைகளுக்கு நிர்வாகி உரிமையற்ற தனிக் கணக்கும் தொடங்கிக் கொடுத்திருக்கிறேன்.

சென்ற மாத ஒப்பீட்டில் ஒரே ஒரு பச்சை வரி இருந்தது. இடம் புரோகிராம் ஃபைல்ஸ் அடைவு, கையொப்பம் செல்லுபடியானது, பெயர் புதிதாக வாங்கிய அச்சுப்பொறியினுடையது. விசாரித்தபோது, தானே நிறுவியதாக மகள் சொன்னாள். தேதியோடு அதைக் குறிப்பேட்டில் எழுதி, அன்றைய பட்டியலைப் புதிய அடிப்படையாகச் சேமித்துக்கொண்டேன்.