பிரஷர் மெஷின் வாங்கப் போறீங்களா, முதல்ல கையை அளந்துட்டுப் போங்க

அம்மாவுக்கு கிளினிக் கெசிஹாத்தான்ல (நம்ம மலேசிய அரசாங்க கிளினிக்) மருந்து மாத்தினப்ப, அடுத்த டேட்டுக்கு வரும்போது வீட்ல எடுத்த ரீடிங் எல்லாம் எழுதிக் கொண்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க, அதுக்காக வாங்குனதுதான் இந்த மெஷின். ஜப்பான் கம்பெனி, மேல்கையில சுத்துற டைப்பு, நாலு பேட்டரி போட்டு ஓடும், இருநூறு வெள்ளிக்கு மேல போச்சு. பிராண்டு பேரை எழுதல, எழுதினா கமிஷன் எவ்வளவுன்னு கேப்பீங்க. அதுவும் இல்லாம எந்த பிராண்டுன்றது இங்க ரெண்டாவது விஷயம்தான், ஒரே கம்பெனியிலயே அஞ்சாறு மாடல் இருக்கு, அதுல எது உங்க கைக்கு சரிப்படும்னு பாக்கணும், கடையில பாதி பேரு இதைச் சொல்றதே இல்ல.

கையில சுத்துற அந்த கஃப் இருக்கு பாருங்க, அதைத்தான் சொல்றேன். ஜோர்ஜ்டவுன்ல நாங்க முதல்ல போன கடையில இருந்த பையன் "எல்லாருக்கும் ஒரே சைஸ்தான் ஆன்ட்டி, ஒட்டுற இடத்துல கொஞ்சம் லூஸா விட்டா போதும்"னு அம்மாகிட்ட சொல்லி பில் போடவே போயிட்டான். பாக்ஸைத் திருப்பிப் பார்த்தா 22-32 செ.மீ.ன்னு போட்டிருக்கு. எங்கம்மா கை 34. வீட்ல ஜாக்கெட் தைக்க வெச்சிருந்த இஞ்சு டேப்புலயே, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல சுத்தி அளந்துட்டுத்தான் போயிருந்தோம், அதனால பொழைச்சோம். ஜெலுத்தோங் பக்கம் அடுத்து போன பார்மசியில இருந்த பொண்ணு நாங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே டிராயரைத் திறந்து டேப்பை எடுத்துச்சு, அங்கயே வாங்கிட்டோம். 22-42ன்னு போட்டது, பட்டை கொஞ்சம் விறைப்பா வளையம் மாதிரியே இருக்கும், அம்மா தனியாவே கையை நுழைச்சு இழுத்து ஒட்டிக்கிறாங்க.

ரெண்டு சென்டிமீட்டர்ல என்ன ஆயிடப் போகுதுன்னு எங்க மாமா கேட்டாரு. நிறைய ஆகும். கஃப் உள்ள ஒரு காத்துப் பை இருக்கு, அது கையோட சுத்தளவுல 80 சதவீதமாவது சுத்தி வரணும், சின்னதா இருந்தா ரத்தக்குழாயை அமுக்க மெஷின் ஜாஸ்தியா காத்தடிக்கும், அந்த ஜாஸ்தியும் உங்க பிரஷர் கணக்குல சேந்துரும். அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆளுங்க 2023ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, பெரிய கஃப் தேவைப்படுற ஆளுக்கு சாதா சைஸைப் போட்டா மேல் நம்பர் சராசரியா 4.8 ஏறிக் காட்டுது, அதுக்கும் மேல பெரிய சைஸ் தேவைப்படுறவங்களுக்கு 19.5 ஏறுது. பத்தொன்பதரைங்க! 125 இருக்குற மனுஷன் 144னு பார்த்துட்டு ராத்திரி தூக்கம் இல்லாம கிடப்பான். ஒல்லிக் கைக்கு பெரிசைப் போட்டா உல்ட்டா, கம்மியா காட்டி நல்லா இருக்கோம்னு நினைக்க வெச்சிரும், அதுதான் எனக்கு இன்னும் பயம்.

மணிக்கட்டுல கட்டுற மெஷினும் அந்தக் கடையில இருந்துச்சு, சின்னதா அழகா இருக்கு, அம்மாவுக்கு அதுமேலதான் கண்ணு. வேணாம்னுட்டேன். கையை நெஞ்சு உயரத்துக்கு சரியா பிடிச்சுக்கிட்டு அசையாம உக்காரணும், எங்கம்மா கை ஆட்டாம பேசி நான் பார்த்ததே இல்ல. மேல்கை ரொம்ப பருமனா இருந்து எந்த கஃப்பும் பத்தாதவங்களுக்கு டாக்டர் சொன்னா சரி, மத்தவங்களுக்கு மேல்கை டைப்புதான். கைக்கடிகாரத்துல பிரஷர் காட்டுதுன்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் பெருமையா நீட்டுவாரு, கஃப் இல்லாம காட்டுற நம்பரை வெச்சு மருந்து மாத்துற அளவுக்கு டாக்டருங்க இன்னும் நம்பல.

அப்புறம் ஆன்லைன்ல பேரே தெரியாத பிராண்டு, குரல்ல நம்பர் சொல்லும், கலர் கலரா லைட் எரியும்னு அம்பது வெள்ளிக்கு வருமே, அதை வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. ஸ்ட்ரைட் பிபின்னு (STRIDE BP) ஒரு வெப்சைட் இருக்கு, எந்தெந்த மாடலை மனுஷங்க மேல வெச்சு முறையா சோதிச்சுப் பாத்திருக்காங்கன்ற லிஸ்ட் அதுல இருக்கும், பாக்ஸ்ல உள்ள மாடல் நம்பரைப் போட்டுத் தேடுங்க, கம்பெனி பேரை மட்டும் தேடினா பத்தாது. நம்ம நாட்டுல மருத்துவக் கருவி சட்டம் 2012 படி எம்டிஏன்னு சொல்ற மருத்துவக் கருவி ஆணையத்துகிட்ட பதிவும் செஞ்சிருக்கணும், விக்கிறவர்கிட்ட அந்தப் பதிவு நம்பரைக் கேளுங்க, பதில் வரலன்னா விட்டுருங்க.

சரி, வாங்கியாச்சு. இனிமேதான் கதையே. எங்க வீட்டு ஹாலு எப்படின்னா, அமுங்குற சோபா, முன்னாடி முழங்கால் உயரத்துக்கு ஒரு கண்ணாடி மேசை, எதிர்ல டிவில சீரியல். அம்மா சமையல்கட்டுலேருந்து வேர்த்து விறுவிறுக்க வந்து சோபாவுல புதைஞ்சு, கால் மேல கால் போட்டு, மெஷினை மடியில வெச்சுக்கிட்டு பட்டனை அமுக்குவாங்க, காத்து ஏறும்போதே "ஏய், அந்த மீன் கொழம்பு அடுப்பை சின்னதா வெச்சியா டீ"ன்னு கேப்பாங்க. 158 வரும். உடனே மெஷின் கெட்டுப் போச்சும்பாங்க.

மெஷின் கெடல. சாப்பாட்டு மேசைக்கு மாத்துனோம், முதுகு சாயுற நாற்காலி, கை மேசை மேல, கீழ மடிச்ச துண்டு ஒண்ணு, கஃப்போட நடு நெஞ்சு உயரத்துக்கு வர்ற மாதிரி. அம்மா குள்ளம், கால் தரையில படல, தொங்குற காலும் கணக்குல சேரும்னு பழைய மணைப்பலகையை கீழ போட்டுட்டேன். ஒண்ணுக்குப் போய்ட்டு வந்து உக்காந்து அஞ்சு நிமிஷம் சும்மா இருக்கணும், ரீடிங் முடியுற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது, டிவியும் ஆஃப். சட்டைக் கை மேல கட்டக் கூடாது, அதுக்காக கையை இறுக்கமா சுருட்டி ஏத்தியும் விடக் கூடாது, அது தனியா ஒரு கட்டு மாதிரி அமுக்கும். முழங்கை மடிப்புலேருந்து ரெண்டு விரக்கடை கொஞ்சம் குறையா மேல கட்டினா சரியா இருக்கும், உள்ள ஒரு விரல் நுழையணும், ரெண்டு கஷ்டப்பட்டு நுழையணும். அதே அம்மா, அதே காலை, 136 வந்துச்சு.

இந்தக் கை வைக்கிற விஷயத்தை நான் மிகைப்படுத்தல. அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல 2024ல இதை மட்டுமே தனியா பார்த்தாங்க, கையை மேசையில வெக்காம மடியில வெச்சா மேல் நம்பர் 3.9 கூடுது, பக்கத்துல தொங்க விட்டா 6.5 கூடுது. கிளினிக்லயே கூட்டமா இருக்குற நாள்ல உக்காந்த உடனேயே எடுத்து எழுதுவாங்க, அவங்க வரிசையைப் பாத்தா பாவமாவும் இருக்கும், ஆனா நம்பர் நம்பர்தானே, மருந்து அதை வெச்சுத்தான் கூடுது. அதனாலதான் வீட்டு ரீடிங் கேக்கறாங்கன்னு நினைக்கிறேன்.

மாமா பத்தி சொன்னேன்ல, அவரு பழைய ஆள், "அந்தக் காலத்து பாதரச மெஷின்தாண்டா கரெக்டு, டாக்டரு காதுல மாட்டிக் கேப்பாரு, இது என்னா பேட்டரி பொம்மை"ம்பாரு. அவர் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. காதுல கேட்டு எடுக்குற முறையை 1905ல கோரோட்கோஃப்னு ஒரு ரஷ்ய டாக்டர் சொன்னாரு, நல்லா தெரிஞ்ச கை எடுத்தா அதுதான் இன்னிக்கும் அளவுகோல். வீட்டு மெஷின் எதையும் கேக்கறது இல்ல, கஃப்ல காத்து ஏறி இறங்கும்போது ரத்தக்குழாய் துடிக்கிற துடிப்பு காத்துல சின்ன ஆட்டமா வரும், அந்த ஆட்டத்தை வெச்சு கணக்குப் போட்டு நம்பர் சொல்லுது. அதனாலதான் நீங்க ஆடினாலும் பேசினாலும் அதுக்குக் குழம்புது. ஆனா பாதரசம் விஷம், பாதரசத்தைக் குறைக்க உலக நாடுங்க போட்ட மினமாட்டா ஒப்பந்தத்துல 2020க்கு மேல அந்த மாதிரிக் கருவியைச் செய்யறதையே நிறுத்தணும்னு வெச்சிட்டாங்க, மாமா எங்க போய் வாங்குவாரு.

அவரோட இன்னொரு பழக்கம், காலையில தண்ணீர்மலை பக்கம் நடந்துட்டு வர்ற வழியிலேயே மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில கோப்பி குடிச்சிட்டு நேரா எங்க வீட்டுக்கு வந்து கையை நீட்டுவாரு. நடந்தது, கோப்பி, சிகரெட்டு எதுவா இருந்தாலும் அரை மணி நேரம் தள்ளித்தான் எடுக்கணும், அம்மா இப்ப அவருக்கு பசியாற ஏதாவது கொடுத்து பேச்சுல உக்கார வெச்சு நேரத்தை ஓட்டிட்டு அப்புறம்தான் கஃப்பை எடுக்கறாங்க. பேச்சு நின்னு அஞ்சு நிமிஷம் கழிச்சுன்றது மட்டும் ரெண்டு பேருக்கும் இன்னும் வரல.

எத்தனை தடவை எடுக்கணும்னு பாக்ஸ்ல தெளிவா இருக்காது. காலையில எழுந்து ஒரு மணி நேரத்துக்குள்ள, பிரஷர் மாத்திரை போடறதுக்கு முன்னாடி, பசியாறுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை, நடுவுல ஒரு நிமிஷம் விட்டு. சாயந்திரமோ ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடியோ அதே மாதிரி ரெண்டு. கிளினிக் டேட்டுக்கு முன்னாடி ஏழு நாள் இப்படி எடுத்து, முதல் நாள் நம்பரை விட்டுட்டு மீதிக்கு சராசரி போட்டாங்க. மெஷின் நம்பரை ஞாபகம் வெச்சுக்கும்தான், ஆனா தேதியும் நேரமும் முதல்லயே செட் பண்ணலன்னா எல்லாம் ஒண்ணாம் தேதின்னே நிக்கும், நாங்க நோட்டுலயும் எழுதறோம். வந்ததை அப்படியே எழுதணும், பிடிச்ச நம்பர் வர்ற வரைக்கும் எடுத்து அதை மட்டும் எழுதற ஆளுங்க எங்க ஏரியாவுலயே இருக்காங்க, டாக்டரை ஏமாத்தி என்ன லாபமோ தெரியல.

கிளினிக்ல 140/90ன்னா ஜாஸ்தி, வீட்ல அதுவே 135/85ன்னு கணக்கு, நம்ம நாட்டு 2018 வழிகாட்டிலயும் அப்படித்தான் இருக்கு, வீட்ல நிதானமா இருக்கறதால கோடு கொஞ்சம் கீழ. டாக்டரைப் பார்த்தா மட்டும் ஏறுற ஆளுங்க இருக்காங்க, அதை விட மோசம் கிளினிக்ல நல்லா காட்டி வீட்ல ஏறியிருக்கறது, அது மெஷின் இல்லாம தெரியவே தெரியாது. 2023 தேசிய சுகாதார ஆய்வுல பெரியவங்கள்ல 29.2 சதவீதம் பேருக்கு பிரஷர்னு வந்துச்சு, அதாவது உங்க வீட்டு விசேஷத்துல பந்தியில ஒரு வரிசைக்கு ரெண்டு மூணு பேராவது இருப்பாங்க.

முதல் தடவை ரெண்டு கையிலயும் எடுத்துப் பாருங்க, எதுல ஜாஸ்தியா வருதோ அதுலயே தொடர்ந்து எடுங்க, ரெண்டுக்கும் பத்துக்கு மேல வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தா டாக்டர்கிட்ட சொல்லணும். இதயத் துடிப்பு ஒழுங்கா இல்லன்னு ஒரு சின்ன அடையாளம் மின்னும், ஒரு தடவை வந்தா அசைஞ்சதாலகூட இருக்கலாம், அடிக்கடி வந்தா விடாதீங்க, ஏற்கனவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயம் தாறுமாறா துடிக்கிற கோளாறு இருக்கறவங்களுக்கு இந்த மாதிரி மெஷின் நம்பர் தடவைக்குத் தடவை மாறும், மூணு தடவையாவது எடுத்து சராசரி பாக்கணும். 180/120க்கு மேல காட்டி கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் விழறது, பேச்சு குழறறது ஏதாவது இருந்தா மறுபடி அளந்துகிட்டு உக்காராதீங்க, உடனே 999க்கு போன் பண்ணுங்க. அந்த மாதிரி ஒண்ணும் இல்ல, நம்பர் மட்டும் அப்படின்னா அஞ்சு நிமிஷம் உக்காந்து திரும்ப எடுங்க, அப்பவும் அப்படியே இருந்தா அன்னிக்கே கிளினிக் போங்க. மாத்திரையை நீங்களா கூட்டிக் குறைக்காதீங்க.

குறைன்னு பாத்தா, ஸ்கிரீன்ல வெளிச்சம் இல்ல, விடியக்காலையில லைட்டு போட்டாத்தான் தெரியும். புஸ்தகத்துல இங்கிலீஷும் மலாயும் இருக்கு, தமிழ் இல்ல, அதனால நானே முக்கியமானதை ஒரு அட்டையில எழுதி மேசைக்கு மேல ஒட்டியிருக்கேன். கரண்டுல போடற அடாப்டர் தனிக் காசு, ஆனா பேட்டரி நல்லா நிக்குது, நாங்க வாங்கல. பேட்டரி இறங்கற அடையாளம் வந்தா நாலையும் ஒண்ணா மாத்துங்க, பழசு ரெண்டு புதுசு ரெண்டுன்னு கலக்காதீங்க.

அடுத்த டேட்டுக்கு மெஷினையும் பையில போட்டுக் கொண்டு போனோம், நர்ஸ் அவங்க மெஷின்ல ஒண்ணு நம்ம மெஷின்ல ஒண்ணுன்னு எடுத்துப் பாத்தாங்க, பக்கத்துல பக்கத்துலதான் வந்துச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை அப்படிக் கேட்டுப் பாக்கலாம், கூட்டம் இல்லாத நேரமா பாத்து. கஃப்தான் முதல்ல தேயும், ஒட்டுற இடம் பிடிக்காம போகும், டியூப் மடங்குற இடத்துல வெடிக்கும். தனியா விப்பாங்க, ஆனா அதே கம்பெனி, அதே மாடலுக்கு உள்ளதா பாத்து வாங்குங்க, வேற கம்பெனி கஃப் விலை கம்மியா இருக்கும், டியூப்பும் மாட்டும், நம்பர் மட்டும் சரியா வராது.