தகடு வெட்டும் கத்தரி: நாலு வருஷ அனுபவம்

எழுத்துப் பொறிக்கும் தகடுகளை வெட்ட முதலில் நான் வாங்கியது கை லீவர் வைத்த பெஞ்ச் கத்தரி. எவ்வளவு கனம், எவ்வளவு அகலம் வெட்டும் என்று மட்டும் பார்த்து வாங்கினேன். 1 மி.மீ. பித்தளையைச் சிரமமே இல்லாமல் வெட்டியது. ஆனால் 20 மி.மீ. அகலப் பட்டைகள் முறுக்கிக்கொண்டு விழுந்தன. அதை எழுத்துப் பொறிக்கும் மெஷினில் வைத்தால் ஒரு முனையில் ஊசி ஆழமாக இறங்கும், மறுமுனையில் தகட்டைத் தொடவே தொடாது. மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்தியே பாதி நாள் போய்விடும்.

காரணம் பிளேடின் சாய்வு. சாய்வு கூடினால் கைக்குப் பலம் குறைவாகப் போதும், ஆனால் விழும் துண்டு முறுக்கும். ஒரு வருஷம் பொறுத்துவிட்டு, சாய்வு குறைந்த பிளேடும் தகட்டை அமுக்கிப் பிடிக்கும் பட்டையும் உள்ள கால்மிதி மெஷினுக்கு மாறினேன். இப்போது அகலத்தை விட அந்த அமுக்குப் பட்டையைத்தான் முதலில் பார்ப்பேன்.

இதிலும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மெஷினில் எழுதியிருக்கும் கனம் சாதா இரும்புக்கு. எவர்சில்வர் என்றால் அதில் ஏறக்குறைய 60 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 1 மி.மீ. எவர்சில்வரை அழுத்திப் பார்த்தேன். பிளேடு முனை உதிர்ந்தது. நல்லவேளை, பிளேடைத் திருப்பிப் போட முடிந்தது.

மேல் பிளேடுக்கும் கீழ் பிளேடுக்கும் நடுவிலுள்ள இடைவெளி தகட்டுக் கனத்தில் 5 முதல் 10 சதவீதம் இருந்தால் சரி. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து மாதம் ஒருமுறை பார்க்கிறேன். அது கூடிவிட்டால் 0.5 மி.மீ. அலுமினியம் வெட்டுப்படாமல் நடுவில் மடிந்து மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் பிசிறு, அதாவது வெட்டிய ஓரத்தில் துருத்தி நிற்கும் கூர் விளிம்பு. மேசையில் நிற்கும் தகட்டுக்குப் பிசிறு அடிப்பக்கம் வரும். விழும் துண்டுக்கு மேல்பக்கம். அதனால் வேண்டிய தகடு மேசையில் நிற்கிற மாதிரி, பளபளப்பான முகத்தை மேலே வைத்துத்தான் வெட்டுகிறேன். பாதுகாப்பு ஃபிலிமை உரிப்பதில்லை.

ஒரே குறை, தகட்டை நேராக ஒட்டி வைக்கும் பக்க மட்டச் சட்டம் அடிக்கடி தளர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு புதுத் தகட்டுக்கும் முன்னால் மூலைமட்டம் வைத்துச் சரிபார்க்கிறேன். மூலையை வளைவாக வெட்ட இது உதவாது, அதற்குத் தனிக் கட்டர் வைத்திருக்கிறேன்.