எட்டு சீட் பழைய வண்டியில் ரூஃப் லைட்: பல வருட அனுபவம்

எங்கள் வீட்டில் ஓடுவது 2000களின் நடுவில் வந்த டீசல் வண்டி, எட்டு சீட். தூத்துக்குடி உப்புக் காற்றில்தான் எப்போதும் நிற்கிறது. இன்ஜினில் எனக்கு ஒரு குறையும் இல்லை. திரும்பத் திரும்ப என்னை ஸ்க்ரூ டிரைவர் எடுக்க வைத்தது உள்ளே எரியும் விளக்குகள்தான்: முன் கண்ணாடிக்கு மேலே ஒன்று, நடுவில் ஒன்று, டிக்கி கதவுப் பக்கம் ஒன்று. இரவில் அம்மா ஏறி இறங்கும்போது கால் வைக்கும் இடம் தெரிய வேண்டும். அதனால் இதைச் சின்ன விஷயம் என்று விட மனம் வரவில்லை.

விளக்கு எரியவில்லை என்றதும் பலரும் பல்பு வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் விளக்கின் சுவிட்சைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள், பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். ஆன், டோர், ஆஃப் என்று அதில் மூன்று நிலை. ஆனில் வைத்தால் எரிகிறது, டோரில் வைத்தால் எரியவில்லை என்றால் பல்பும் பியூஸும் நன்றாக இருக்கின்றன. கோளாறு கதவுப் பக்கம். குறிப்பிட்ட ஒரு கதவைத் திறக்கும்போது மட்டும் எரியாவிட்டால் அந்தக் கதவின் சுவிட்ச். ஒரே ஒரு விளக்கு எந்த நிலையிலும் எரியாவிட்டால் பல்பு, அல்லது அதைக் கவ்விப் பிடிக்கும் தகடு. மூன்றும் ஒன்றாகப் போய்விட்டால் பியூஸைப் பாருங்கள். பல வண்டிகளில் கடிகாரத்துக்கும் ஆடியோவின் நினைவுக்கும் அதே பியூஸ்தான் என்பதால், அவையும் சேர்ந்து போயிருந்தால் சந்தேகமே வேண்டாம். சிவப்பு பியூஸ் 10 ஆம்பியர், நீலம் 15. எது போனதோ அதே அளவைப் போடுங்கள். மறுபடி போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. பெரிய பியூஸ் போட்டுச் சமாளித்தால் ஒயர்தான் கருகும்.

என் வண்டியில் அதிகம் படுத்தியது டோர் சுவிட்ச், அதாவது கதவு மூடும்போது அழுந்தும் சின்ன பட்டன். விளக்குக்கு 12 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். கதவு திறக்கும்போது சுவிட்ச் எர்த்தை, அதாவது வண்டியின் இரும்பு உடல் வழியாக பேட்டரி மைனஸுக்குப் போகும் பாதையை இணைக்கிறது, விளக்கு எரிகிறது. அந்த எர்த் கிடைப்பது சுவிட்சைப் பிடித்திருக்கும் ஒரே ஒரு ஸ்க்ரூ வழியாக. கடற்கரை ஊரில் ஸ்க்ரூ ஓட்டை துருப்பிடித்தால் சுவிட்ச் புதிதாக இருந்தும் பயன் இல்லை. ஸ்க்ரூவைக் கழற்றி, சுவிட்சை வெளியே இழுத்து, ஒயர் கதவுத் தூணுக்குள் விழுந்துவிடாமல் டேப்பால் ஒட்டிவைப்பேன். பிறகு ஒயர் முனையை பெயின்ட் இல்லாத இரும்பில் தொட்டுப் பார்ப்பேன். விளக்கு எரிந்தால் மேலே போகும் ஒயரிங் சரி. ஓட்டையை உப்புத்தாளால் தேய்த்து, வாசலினை லேசாகத் தடவி மாட்டினால் வேலை முடிந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் எல்லாக் கதவுக்கும் இதைச் செய்துவிடுகிறேன். ஒன்று கவனம்: சில வண்டிகளில் சுவிட்ச் ஒயரிலேயே கரண்ட் வரும், அதை இரும்பில் தொட்டால் பியூஸ் போய்விடும். ஒயரிங் படத்தைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

இந்த வேலைக்கு மல்டிமீட்டரைவிட சாதாரண டெஸ்ட் லாம்ப்பை (ஒயர் மாட்டிய சின்ன பல்பு) நம்புகிறேன். துருப்பிடித்த இணைப்பிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் அது கிட்டத்தட்ட கரண்டே இழுப்பதில்லை. லாம்ப் இழுக்கும், அதனால் இணைப்பு கெட்டிருந்தால் மங்கலாகத்தான் எரியும்.

அடுத்தது டிக்கி கதவு. ரூஃபுக்கும் கதவுக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் ஒயர்கள் போகின்றன. கதவு ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அவை மடிந்து, மேல்தோல் அப்படியே இருக்க உள்ளே செம்பு அறுந்துபோகும். கதவைப் பாதி தூக்கும்போது விளக்கு சிமிட்டினால் இதுதான். ரப்பரைக் கழற்றி ஒவ்வொரு ஒயரையும் மெதுவாக இழுத்தால் அறுந்தது ரப்பர் பேண்ட் போல நீளும். அறுந்த இடத்தில் முறுக்கி டேப் சுற்றித் தரும் வழக்கம் ஒயரிங் கடைகளில் உண்டு. சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடி போகும். மடியும் பகுதி முழுவதற்கும் மெல்லிய இழைகள் நிறைந்த ஒயரைப் புதிதாகப் போட்டு, ஒட்டு இரண்டும் ரப்பருக்கு வெளியே, அசையாத இடத்தில் வரும்படி சோல்டர் செய்யச் சொல்லுங்கள். நம்பர் பிளேட் விளக்கு, பின் வைப்பர் ஒயர்களும் அதே கட்டில்தான் போகின்றன. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுவது நல்லது, கூலி ஒருமுறையோடு போகும்.

அப்புறம் எல்இடி. நீள் உருளை பல்புகள் 31, 36, 41 மில்லிமீட்டர் என்று வரும்; பழையதை அளந்துவிட்டு வாங்குங்கள். போட்டும் எரியாவிட்டால் திருப்பி மாட்டிப் பாருங்கள், ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கும். மூன்று 5 வாட் பல்புகள் ஒரு இரவு முழுக்க எரிந்தால், பத்து மணி நேரத்தில் பேட்டரியிலிருந்து 12 ஆம்பியர் மணிக்கு மேல் போய்விடும். பழைய பேட்டரி என்றால் காலையில் டீசல் வண்டி ஸ்டார்ட் ஆகாது. எல்இடியில் அந்தப் பயம் குறைவு, சூட்டில் பிளாஸ்டிக் மூடி பழுப்பதும் இல்லை.

முன்னும் நடுவும் எல்இடிக்கு மாற்றிவிட்டேன். டிக்கியில் மட்டும் சாதாரண பல்பைத்தான் வைத்திருக்கிறேன். எல்இடிக்குக் கொஞ்சம் கரண்ட் போதும், இணைப்பு பாதி போன பிறகும் பளிச்சென்றே எரியும். பல்பு அப்படி இல்லை. ஒயர் நைய ஆரம்பித்ததுமே மங்கிக் காட்டிக் கொடுத்துவிடும்.